மான் பெருகினால் புல் குறையும்: ‘ஓ டீர்!’ மைதான விளையாட்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

சுற்றுச்சூழல் தினத்தன்று பிள்ளைகளுக்கு நடத்தும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை பழைய ஓட்டப்பந்தயங்கள்தான். இரண்டு அணி, நடுவே குப்பைக் குவியல், இரண்டு நிறத்தில் தொட்டி. யார் முதலில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துப் போடுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. குப்பைக்குப் பதிலாக எலுமிச்சம்பழத்தையும் கரண்டியையும் கொடுத்தால்கூட அதே விளையாட்டு அப்படியே நடக்கும். பிள்ளைகள் மகிழ்ச்சியாக ஓடுவார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதைச் சூழலியல் பாடம் என்று கணக்கெழுதுவது சரியில்லை.

எனக்கு ஒரு சோதனை உண்டு. விளையாட்டிலிருந்து இயற்கை தொடர்பான சொற்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பாருங்கள். விதிகள் மட்டும் மிஞ்சும். அந்த விதிகளுக்குள் காடோ குளமோ இயங்கும் முறை கொஞ்சமாவது இருக்கிறதா? இருந்தால் அது பாடம் சொல்லும் விளையாட்டு. இந்தச் சோதனையில் தேறும் விளையாட்டுகள் குறைவு. தேறியவற்றில் உலகம் முழுக்க அதிகம் ஆடப்படும் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. ‘ஓ டீர்!’ என்பது அதன் பெயர் (ஆங்கிலத்தில் ‘டீர்’ என்றால் மான்).

எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளும் அங்குள்ள சுற்றுச்சூழல் கல்வியாளர்களும் சேர்ந்து 1983-இல் ‘ப்ராஜெக்ட் வைல்ட்’ என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னோடியாக 1970-களில் மரங்களையும் காடுகளையும் பற்றி ‘ப்ராஜெக்ட் லேர்னிங் ட்ரீ’ வந்திருந்தது. இது விலங்குகளுக்கானது. ஆசிரியர்கள் பயிற்சிப் பட்டறைக்கு வந்து, தாங்களே ஆடிப் பார்த்து, அப்புறம் செயல்பாட்டுக் கையேட்டை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகும் ஏற்பாடு. அந்தக் கையேட்டில் உள்ள செயல்பாடுகளில் மிகவும் புகழ்பெற்றது இந்த மான் விளையாட்டு. அதைப் பார்த்து மீன், தவளை, பறவை என்று எத்தனையோ வடிவங்களில் மற்றவர்களும் ஆடுகிறார்கள்.

விதிகள்

பிள்ளைகளை நான்கு சம பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு மான்கள். மீதி மூன்று பங்கும் வளங்கள், அதாவது காடு. மைதானத்தில் முப்பதிலிருந்து அறுபது அடி இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒரு கோட்டில் மான்கள், எதிர்க்கோட்டில் காடு. இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள்.

ஒரு மானுக்கு உணவு, தண்ணீர், தங்குமிடம் மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை. வயிற்றில் கை வைத்தால் உணவு. வாயில் கை வைத்தால் தண்ணீர். தலைக்கு மேல் இரண்டு கையையும் கூரையாகக் குவித்தால் தங்குமிடம். ஒவ்வொரு சுற்றிலும் மான் தனக்கு எது தேவை என்று மனதுக்குள் முடிவெடுத்துச் சைகை வைக்கும். காட்டில் நிற்கும் பிள்ளைகளும் தாங்கள் எந்த வளம் என்று அதேபோல் முடிவெடுப்பார்கள். ஆசிரியர் மூன்று எண்ணியதும் எல்லோரும் திரும்ப வேண்டும். திரும்பிய பிறகு சைகையை மாற்றக்கூடாது.

மான்கள் ஓடும். தன் சைகையோடு ஒத்துப்போகும் பிள்ளையைத் தொட்ட மான் பிழைத்தது. தொடப்பட்ட பிள்ளை மான் கோட்டுக்கு வந்து அடுத்த சுற்றில் இன்னொரு மானாகிவிடும். கிடைக்காத மான் செத்தது. அது காட்டுப் பக்கமே நின்றுவிடும், அடுத்த சுற்றில் அது ஒரு வளம். ஒரு சுற்று ஓர் ஆண்டுக்குச் சமம். ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் எத்தனை மான் என்று ஒருவர் குறித்துக்கொண்டே வருவார். பதினைந்து சுற்று முடிந்ததும் அந்த எண்களைக் கோடாக வரைந்தால் மலையும் பள்ளமுமாக ஒரு படம் கிடைக்கும்.

கல்லா மண்ணா ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கமானது: எங்கே நின்றால் உயிர், எங்கே நின்றால் அவுட் என்பதை ஒரு நொடியில் கண்ணால் தேடி ஓடும் பழக்கம் அது.

ஒரு நல்ல விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். யாரும் ஆட்டத்தை விட்டு வெளியேறி ஓரமாக உட்காருவதில்லை. நாற்காலி விளையாட்டில் முதலில் தோற்ற பிள்ளைக்கு மிச்ச நேரம் முழுக்க வேடிக்கை பார்க்கும் வேலைதான். இதில் செத்த மான் மண்ணாகி, புல்லாகி, மறுபடி மானாகலாம். சத்துகள் சுழலும் பாடத்தைத் தனியாக நடத்த வேண்டிய தேவையே இல்லை, செத்து விழுந்த பிள்ளையே அதைச் சொல்லிவிடும்.

கணக்கு என்ன சொல்கிறது

நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மான், முப்பது வளம். முதல் ஆண்டில் காடு செழிப்பு. ஏறக்குறைய எல்லா மானுக்கும் கிடைத்துவிடும். மான் இருபதாகிறது, காடும் இருபதாகக் குறைகிறது. இரண்டாம் ஆண்டில்தான் சுவாரசியம். எண்ணிக்கை சமம் என்றாலும் தேவையும் இருப்பும் பொருந்தாது. எட்டு மான் உணவு தேடி ஓடும், காட்டில் ஐந்து பேர்தான் வயிற்றில் கை வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் நான்கு தண்ணீர் சும்மா நிற்கும். நிகழ்தகவுக் கணக்குப்படி இருபதில் சுமார் பதினாறு மானுக்குக் கிடைக்கும். ஆகவே மூன்றாம் ஆண்டில் 32 மான், வெறும் 8 வளம். அந்த ஆண்டு அதிகபட்சம் எட்டு மான்தான் பிழைக்கும், அதாவது இருபத்து நாலு பிள்ளைகள் ஒரே ஓட்டத்தில் சாவார்கள். கத்தலும் சிரிப்புமாக மைதானம் கலகலக்கும். நான்காம் ஆண்டில் 16 மான். அங்கிருந்து முப்பது, இருபது, மறுபடி முப்பத்திரண்டு என்று வரிசை ஏறி இறங்கும்.

ஆசிரியர் கையேடுகளின் வழக்கமான விளக்கம் இது: ஒரு காட்டுக்கு இத்தனை மானைத்தான் சுமக்க முடியும் என்று ஓர் அளவு உண்டு, அதுதான் தாங்குதிறன்; மான் எண்ணிக்கை அந்த அளவைச் சுற்றி இயல்பாக ஏறி இறங்கும்; எது பற்றாக்குறையோ அது கட்டுப்படுத்தும் காரணி. விளக்கம் தவறில்லை. ஆனால் படத்தில் தெரியும் அந்தப் பெரிய குதியலுக்குக் காரணம் காடு என்பதைவிட விளையாட்டின் விதி என்பதே அதிகப் பொருத்தம்.

ஏன் என்று பாருங்கள். எல்லாச் சைகையும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று வைத்துக்கொண்டால் விதி ஒரே வரிக்குள் அடங்கும்: மான், வளம் இரண்டில் எது குறைவோ அதன் இரு மடங்குதான் அடுத்த ஆண்டு மான் எண்ணிக்கை. பத்தில் தொடங்கினால் 20, அப்புறம் 40, அடுத்த ஆண்டு பூஜ்யம். எல்லோரும் மானாகிவிட்டால் தின்ன எதுவும் இல்லை. பதினொன்றில் தொடங்கினால் 22, 36, 8, 16, 32, 16, 32 என்று முடிவில்லாமல் ஊசலாடும். ஒரே ஒரு மான் கூடியதால் அழிவு தப்பியது. கணிதத்தில் இதை ‘டென்ட் மேப்’ என்பார்கள். தொடக்கத்தில் சிறிது மாற்றினாலும் போக்கே மாறிவிடும் ஒழுங்கின்மைக்கு அது பாடநூல் உதாரணம். ஆக, மைதானத்தில் பத்து மானில் தொடங்கியும் மந்தை மூன்றாம் ஆண்டில் அழியாமல் தப்பிப்பது சில மான்கள் தவறான சைகை வைத்துச் சாவதால்தான். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வரியைப் போர்டில் எழுதிக் காட்டலாம். கணக்கு வாத்தியாரும் பி.இ.டி. சாரும் சேர்ந்து ஒரே வகுப்பு எடுக்கக் கிடைக்கும் அபூர்வ வாய்ப்பு அது.

நிஜத்தில் மான்கள் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பதில்லை, செத்த மான் மறு ஆண்டே புல்லாவதும் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. “இந்த விளையாட்டில் எது பொய்?” என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள்தான் பெரும்பாலும் வகுப்பின் சிறந்த பகுதி.

ஓநாய் வந்த பிறகு

சில சுற்றுகளுக்குப் பிறகு ஓர் இரைகொல்லியைச் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் ஓநாய் அல்லது பூமா என்ற பெரிய காட்டுப்பூனை. நம் பிள்ளைகளுக்குச் செந்நாயோ சிறுத்தையோ சொல்லலாம். அது மைதானத்தின் ஓரத்தில் நின்று, வளத்தை நோக்கி ஓடும் மானைத் தொட வேண்டும். ஆனால் நொண்டியடித்துத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் நாலு சுற்றில் மானே மிஞ்சாது. தொடப்பட்ட மான் அடுத்த சுற்றில் இன்னோர் ஓநாய். யாரையும் பிடிக்காத ஓநாய் பட்டினியால் செத்து வளமாகிவிடும்.

இந்தக் கடைசி விதிதான் முக்கியம். நம் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலியும் கடைசி வரை மூன்றாகவே இருக்கும். ஆடு கிடைக்காததால் எந்தப் புலியும் சாவதில்லை. அடைக்கப்பட்டால்தான் தோல்வி. புலி என்றால் பலம், ஆடு என்றால் பயம் என்ற கதைக்கு அது போதும். இங்கே வேட்டையாடுபவரின் உயிர் இரையின் எண்ணிக்கையில் தொங்குகிறது என்பதை ஓநாயாக நிற்கும் பிள்ளை தன் நொண்டிக்காலில் கண்டுகொள்ளும். மான்கள் பெருகிய அடுத்த சுற்றில்தான் ஓநாய் பெருகும், மான்கள் குறைந்த அடுத்த சுற்றில்தான் ஓநாய் சாகும். இந்தத் தாமதத்தைக் கிராஃபில் இரண்டு நிறத்தில் வரைந்தால் ஒரு கோடு இன்னொன்றைத் துரத்துவது தெரியும்.

நிஜக் கதை சொல்ல வேண்டும் என்றால் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவு இருக்கிறது. ஓநாயும் மூஸ் என்ற பெரிய மானும் அங்கே எப்படிக் கூடுகின்றன, குறைகின்றன என்று 1958 முதல் எண்ணிவருகிறார்கள். 1980-இல் 50 ஓநாய்கள் இருந்தன. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் தீவுக்குள் வந்தது, இரண்டே ஆண்டில் 14 ஆனது. அப்புறம் நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போட்டு நலிந்து, கடைசியில் இரண்டே ஓநாய் மிஞ்சியது. 2018-இலிருந்து வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். மைதான விதிகளில் நோய்க்கும் உறவுக் கலப்புக்கும் இடம் இல்லை. ஒரு சுற்றில் ஆசிரியர் திடீரென்று “ஓநாய்களுக்குக் காய்ச்சல்” என்று அறிவித்து முக்கால்வாசியை உட்காரவைத்தால் போதும், மான்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கலாம்.

முடிந்த பிறகு சொல்லும் கதைகள்

ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போது ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை அரிசோனாவின் கைபாப் பீடபூமி. 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை வேட்டை விலங்குக் காப்பிடமாக அறிவித்தார். மானைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசு வேட்டைக்காரர்கள் பூமாக்களையும் ஓநாய்களையும் கொன்று தீர்த்தார்கள். மான் கட்டுக்கடங்காமல் பெருகியது, செடிகொடிகளை மேய்ந்து மொட்டையாக்கியது, 1920-களின் நடுவில் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகச் செத்தது. ஒரு லட்சம் மான் இருந்தது என்று பாடநூல்கள் பல காலம் எழுதின.

இந்தக் கதையை அப்படியே சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன். அன்றைக்கே மான் எண்ணிக்கையைப் பற்றி முப்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை ஆளாளுக்கு ஒரு மதிப்பீடு சொன்னார்கள். 1970-இல் கிரேம் காஃப்லி என்ற சூழலியலாளர் பழைய ஆவணங்களைத் திருப்பிப் பார்த்தார். அதே காலத்தில் பீடபூமியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மாடுகளும் பெருமளவு குறைந்திருந்தன, தீவனப் போட்டி குறைந்ததாலும் மான் பெருகியிருக்கலாம், இரைகொல்லிகளை ஒழித்ததுதான் காரணம் என்று நிரூபிக்கத் தரவு போதாது என்றார். பல பாடநூல்கள் கதையைக் கைவிட்டன. பின்னாளில் சிலர் இரைகொல்லிகளுக்கும் பங்கு உண்டு என்று மறுபடி வாதிட்டார்கள். ஒரே காரணம், ஒரே விளைவு என்று காடு இயங்குவதில்லை. விளையாட்டு அப்படி இயங்குகிறது என்பதால் கதையாவது சிக்கலாக இருக்கட்டும்.

எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவு. 1944-இல், உலகப் போரின்போது, அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே ஒரு வானொலி வழிகாட்டி நிலையத்தை வைத்தது. அவசரத்துக்குச் சாப்பாடாக இருக்கட்டும் என்று ரெயின்டீர் என்ற துருவப் பகுதிக் கலைமான்கள் 29-ஐக் கொண்டுவந்து விட்டார்கள். போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மான்கள் தங்கின. ஓநாய் இல்லை, வேட்டை இல்லை, தரை முழுக்க மெத்தை போல லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வளரும் உயிர். உயிரியலாளர் டேவிட் கிளைன் 1957-இல் போனபோது 1,350 மான்கள் இருந்தன. 1963-இல் 6,000. லைக்கன் தேய்ந்துபோயிருந்தது, மான்களின் உடல் எடையும் குறைந்திருந்தது. அந்த ஆண்டுக் குளிர்காலம் கடுமை. 1966-இல் அவர் திரும்பிப் போனபோது தீவு முழுக்க எலும்புக்கூடுகள், உயிரோடு 42 மான். அதில் ஒன்றுதான் ஆண், அதுவும் கொம்பு சரியாக வளராதது. குட்டிகள் இல்லை. 1980-களுக்குள் மந்தையே இல்லாமல் போனது.

29, 1,350, 6,000, 42 என்ற நான்கு எண்ணையும் பிள்ளைகள் வரைந்த கிராஃபுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மைதானத்தில் இருபத்து நாலு மான் செத்த அடுத்த ஆண்டே காடு நிறைந்துவிட்டது. தீவில் அப்படி நடக்கவில்லையே, ஏன்? மேய்ந்து தேய்ந்த லைக்கன் மீண்டுவரப் பல பத்தாண்டுகள் ஆகும். இதை விதியாக்குவதும் எளிது: செத்த மான் மூன்று சுற்று ஓரமாக உட்கார்ந்துவிட்டு அப்புறம்தான் வளமாகலாம். யாரும் வெளியேறுவதில்லை என்ற நல்ல குணம் இதில் அடிபடும். அதனால் கடைசிச் சில சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

யார் சொல்லும் கதை

1980-களில் விலங்கு நல அமைப்புகள் ப்ராஜெக்ட் வைல்டைக் கடுமையாக விமர்சித்தன. அமெரிக்க மாநில வனவிலங்குத் துறைகளின் வருமானத்தில் பெரும்பங்கு வேட்டை உரிமக் கட்டணமும், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகும் வரியும்தான். அந்தத் துறைகள் எழுதவைத்த பாடத்தில் வேட்டைக்குச் சாதகமான சாய்வு இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. மான் விளையாட்டில் வேட்டை பற்றி வெளிப்படையாக எதுவும் இல்லை. ஆனாலும் “மான் மிதமிஞ்சிப் பெருகினால் பட்டினியில் சாகும், ஆகவே யாராவது குறைக்கத்தான் வேண்டும்” என்ற முடிவுக்கு அந்தக் கிராஃப் சுலபமாகக் கூட்டிக்கொண்டு போகும் என்பது உண்மை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை, அதனால் இங்கே அந்தச் சாய்வு அவ்வளவு உறைக்காது. என்றாலும் ஒரு விளையாட்டை யார், எதற்காக உருவாக்கினார்கள் என்று கேட்பதும் சுற்றுச்சூழல் கல்விதான்.

பராமரிப்பு எங்கே

இனிதான் என் உண்மையான குறை. 1977 அக்டோபரில், அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோ நடத்திய மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. மான் விளையாட்டு முதல் இரண்டையும் அபாரமாகச் செய்கிறது. மற்ற மூன்றும் அதில் இல்லை. காரணம் எளிது. அந்த ஆட்டத்தில் யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. மான் குருட்டாம்போக்கில் சைகை வைக்கிறது, வளமும் அப்படியே. அழிவு வந்தால் யார் பொறுப்பு? யாரும் இல்லை. காட்டைக் குறைக்கும் மனிதர்கள் மைதானத்திலேயே கிடையாது. பற்றாக்குறை எப்படி இருக்கும் என்று பிள்ளையின் கால்களுக்குத் தெரிகிறது, சரி. ‘நான் இதில் என்ன செய்தேன்’ என்று கேட்டுக்கொள்ள வாய்ப்பு கிடைப்பதில்லை.

அதற்காக நான் சேர்க்கச் சொல்லும் மாற்றம் ஒன்று. நாற்பது பேரில் நால்வரை ‘ஊர்’ என்று தனியாக நிறுத்துங்கள். மீதி முப்பத்தாறில் ஒன்பது மான், இருபத்தேழு வளம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஊர் கூடிப் பேசி, காட்டிலிருந்து யாரையும் எடுக்காமல் விடலாம், ஒருவரை எடுக்கலாம், இருவரை எடுக்கலாம். எடுக்கப்பட்டவர் வீடாகவோ சாலையாகவோ கிணறாகவோ ஊருக்குள் வந்துவிடுவார், அடுத்த சுற்றிலிருந்து அவருக்கும் ஓட்டு உண்டு. காட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஊர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு புள்ளி.

ஊர் ஒவ்வொரு முறையும் இருவரை எடுத்துக்கொண்டே போனால் மான் எண்ணிக்கை ஏறக்குறைய இப்படிப் போகும்: 9, 18, 24, 12, 22, 8, 16, 12, 14, 8, 12. மேலோட்டமாகப் பார்த்தால் பழைய மலையும் பள்ளமும்தான். பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டாக ஏறும்போது ஊர்க்காரர்கள் “பாருங்க, மான் கூடிருச்சு, நாம எடுத்தா ஒண்ணும் ஆகாது” என்பார்கள். சொல்வது பொய்யுமில்லை. முகடுகளை மட்டும் வட்டமிட்டுப் பார்த்தால்தான் தெரியும்: 24, 22, 16, 14, 12. ஒவ்வொரு மீட்சியும் முந்தையதைவிடக் குள்ளம். எட்டாவது சுற்றில் ஊருக்குள் வந்த பிள்ளைக்குப் பதினாலு மானே பெரிய மந்தையாகத் தெரியும், ஓட்டத்தில் மறந்துபோன இருபத்து நாலைக் கிராஃப்தான் நினைவூட்டும். நிஜ வாழ்க்கையில் குளங்களும் குருவிகளும் குறைவதை நாம் கவனிக்கத் தவறுவதும் இப்படித்தான்.

இந்த வடிவத்தில் ஆட்டத்தின் சூடு ஓட்டத்திலிருந்து ஊர்க்கூட்டத்துக்கு மாறிவிடும். போன சுற்றுவரை காடாக நின்றவர்கள் ஊருக்குள் வந்ததும் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் இங்கே வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. காட்டை எடுக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னாலும் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலை ஆடிவிடுவார்கள்.

கிண்டியில் ஆடினால்

தமிழ்நாட்டில் இதை ஆட ஏற்ற இடம் கிண்டி என்பேன். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத காடு. சுற்றிலும் சென்னை. புள்ளிமானும் வெளிமானும் உண்டு, நரி உண்டு, சிறுத்தை இல்லை. விளையாட்டு மைதானத்தைப் போலவே எல்லை மூடியது. வேறு காட்டுக்குப் போகலாம் என்றால் சாலையைத் தாண்ட வேண்டும். கிண்டியையொட்டிய வளாகங்களில் மான்கள் நாய்க்கடியாலும் வண்டி மோதியும் பிளாஸ்டிக்கைத் தின்றும் இறப்பது செய்திகளில் வந்திருக்கிறது.

பிளாஸ்டிக்கை விதியாக்குவது சுலபம். காட்டுப் பக்கம் நிற்பவர்களில் இருவரிடம் மட்டும் ஒரு சிறிய பாலித்தீன் துண்டைக் கொடுத்து, கைக்குள் மறைத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்து நிற்கச் சொல்லுங்கள். மான் ஓடிவந்து தொட்டதும் கையை விரித்துக் காட்ட வேண்டும். அந்த மான் செத்தது. மானுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதை எந்தச் சுவரொட்டியைவிடவும் அந்த ஒரு நொடி நன்றாகச் சொல்லும். ஏமாந்த பிள்ளை “இது போங்கு” என்று கத்தும். கத்தட்டும், அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

நடத்துபவர்களுக்கு

நான்காம் ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலே எல்லோருக்கும் சரிவரும். இருபது பேருக்குக் கீழே என்றால் எண்கள் சீக்கிரம் பூஜ்யத்தில் முட்டும். பிள்ளைகள் நாலாம் சுற்றுக்குள் கூடிப் பேசி “எல்லாரும் தண்ணி” என்று சதி செய்வார்கள். ஒருமுறை விட்டுவிடுங்கள், உணவே இல்லாத ஆண்டு எப்படி இருக்கும் என்று தெரியும், பஞ்சம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். திரும்பிய பிறகு சைகையை மாற்றுபவர்கள் தொல்லை கொடுத்தால் மூன்று நிறத்தில் அட்டை வெட்டிக் கையில் கொடுத்துவிடலாம். ஒரே பிள்ளையை நோக்கி மூன்று மான் பாயும்போது மோதிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கல் தரையென்றால் வேகநடைதான், ஓட்டம் கூடாது. ஓட முடியாத பிள்ளை இருந்தால் எல்லோரையுமே நடக்கவைக்கலாம், கணக்கு மாறாது.

கிராஃபைக் காகிதத்தில் வரைவதைவிட மைதானத்திலேயே சுண்ணாம்பால் வரைவது மேல். ஒரு ஆண்டுக்கு ஒரு கோடு, ஒரு மானுக்கு ஒரு கூழாங்கல். ஏப்ரல் மே வெயிலில் காலை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும், பதினைந்து சுற்றும் பேச்சும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் ஆகும். நேரம் போதாவிட்டால் சுற்றுகளைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள்.